சிறு குழு ஆராதனையில் புது வழிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலோ சிறிய அறையிலோ கூடும் ஆறு முதல் பதினைந்து பேர் கொண்ட குழுக்களை மனதில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறோம். கூட்ட நேரம் ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் கூடினால் சில முறைகள் ஒத்துவராது. அவற்றை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

பாட்டு, ஜெபம், வசனம் என்று பல வருடமாக நன்றாகத்தானே நடக்கிறது. எதற்கு மாற்ற வேண்டும்?

மாற்றித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு காரியம் செய்து பாருங்கள்: யார் யார் வாய்திறந்தார்கள் என்று எண்ணுங்கள். பன்னிரண்டு பேர் வந்து, சத்தமாக ஜெபித்தவர்கள் மூன்று பேர், போன வாரமும் அதே மூன்று பேர் என்றால், மீதி ஒன்பது பேர் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஒன்பது பேருக்காகத்தான் இந்த முயற்சிகள் எல்லாம். கொரிந்து சபையைப் பற்றிப் பவுல் எழுதும்போது (1 கொரிந்தியர் 14:26) ஒருவன் சங்கீதம் பாடுகிறான், ஒருவன் போதகம்பண்ணுகிறான் என்று அடுக்கிக்கொண்டு போகிறார். கூடிவந்தவர் ஒவ்வொருவரிடமும் கொடுக்க ஏதோ ஒன்று இருந்தது.

உங்கள் குழுவில் ஏற்கெனவே எல்லாரும் பங்கெடுக்கிறார்கள் என்றால், புதுமைக்காகப் புதுமை வேண்டாம். சலிப்பு தட்டுகிறது என்பதற்காக மட்டும் செய்தால் மூன்றாவது மாதம் அதுவும் சலித்துவிடும்.

முதல்முறை செய்வதற்கு எது பாதுகாப்பானது?

136ஆம் சங்கீதம். பொருள் எதுவும் வாங்க வேண்டாம், யாரும் வித்தியாசமாக நினைக்கமாட்டார்கள், வேதத்துக்கு வெளியேயும் போகவில்லை. அதன் 26 வசனங்களும் ‘அவர் கிருபை என்றுமுள்ளது’ என்றே முடிகின்றன. ஒருவர் சொல்ல மற்றவர்கள் பதில் சொல்வதற்கென்றே அமைந்த சங்கீதம்.

முதலில் ஆளுக்கு ஒரு துண்டுத் தாள் கொடுங்கள். சங்கீதத்தின் அமைப்பை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்: 1 முதல் 9 வரை துதியும் சிருஷ்டிப்பும், 10 முதல் 22 வரை எகிப்திலிருந்து கானான் வரையுள்ள சரித்திரம், 23இல் ‘நம்முடைய தாழ்வில் நம்மை நினைத்தவரை’ என்று பேச்சு நம் பக்கம் திரும்புகிறது. அந்த இடத்தில் சேர்க்க ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையிலிருந்து ஒரு வரி எழுத வேண்டும். வரி ‘...வரைத் துதியுங்கள்’ என்று முடிய வேண்டும், பத்து வார்த்தைக்கு மேல் போகக்கூடாது. ஐந்து நிமிடம் போதும்.

பிறகு ஒருவர் 1 முதல் 24 வரை வாசிக்க, எல்லாரும் பதில் சொல்கிறார்கள். 24 முடிந்ததும் உட்கார்ந்திருக்கும் வரிசைப்படி அவரவர் வரி, ஒவ்வொன்றுக்கும் அதே பதில். கடைசியில் 25, 26 வசனங்கள். பன்னிரண்டு பேர் இருந்தாலும் வாசிப்பு ஆறு ஏழு நிமிடத்தில் முடிந்துவிடும்.

எங்கே சொதப்பும் என்றால், பொதுவான வரிகளில். ‘எல்லா நன்மையும் செய்தவரைத் துதியுங்கள்’ என்று முதல் ஆள் எழுதினால் அடுத்தவர்களும் அப்படியே எழுதுவார்கள். எனவே நடத்துபவர் முன்கூட்டியே தன் வரியை மாதிரியாக வாசிக்க வேண்டும், அது குறிப்பாக இருக்க வேண்டும்: ‘வேலையில்லாத ஏழு மாதமும் அடுப்பு அணையாமல் காத்தவரைத் துதியுங்கள்.’ இப்படி ஒன்று காதில் விழுந்தால் போதும், மற்றவர்கள் பேனா தானாக இறங்கும். இன்னொன்று, பதில் வரியைச் சொல்லும்போது வேதாகமத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள். எல்லாரும் குனிந்து தேடினால் தாளம் விழுந்துவிடும். பதில் முடிந்த கணமே அடுத்தவர் தொடங்க வேண்டும். நடத்துபவர் நடுவில் ‘ஆமென், அருமை’ என்று பாராட்டக்கூடாது. ஒருவருக்குப் பாராட்டு கிடைத்து அடுத்தவருக்குக் கிடைக்காவிட்டால் அதுவே பேச்சாகிவிடும்.

விளக்கம் சொல்லியே பத்து நிமிடம் போய்விடுகிறது. என்ன செய்வது?

மூன்று வாக்கியத்தில் அடங்காத செயல்பாட்டை எடுக்காதீர்கள். என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு நேரம், முடிந்ததும் அதை என்ன செய்வோம். இந்த மூன்றாவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். எழுதியதை வாசிக்கச் சொல்வார்களா மாட்டார்களா என்று தெரியாமல் எழுதுகிறவர், மற்றவர் காதுக்கு ஏற்றதைத்தான் எழுதுவார். ‘இதை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை’ அல்லது ‘விரும்பினால் ஒரு வரி வாசிக்கலாம்’ என்று தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகு அந்த வாக்கை மீறவும் கூடாது.

‘சேர விருப்பமில்லாதவர்கள் அமைதியாக உட்கார்ந்து ஜெபிக்கலாம்’ என்ற வரியையும் எப்போதும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வாத்தியம் வாசிக்க ஆளில்லை. பாட்டு இழுபடுகிறது.

பெரும்பாலும் வாத்தியத்தைவிடச் சுருதிதான் காரணம். பதிவுகளில் பாடுகிறவர்கள் பயிற்சி பெற்றவர்கள். அதே சுருதியில் தொடங்கினால் சரணத்தில் பாதிப்பேர் வாயை மூடிவிடுவார்கள். பாட்டை நடத்துபவர் வீட்டிலேயே முதலில் பாடிப்பார்க்க வேண்டியது அதன் உச்ச வரியை. உட்கார்ந்தபடி, கழுத்து நரம்பு புடைக்காமல் அந்த வரி வருகிற சுருதியைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பல்லவிக்கு இறங்கி வாருங்கள். பதிவைவிட மூன்று நான்கு அரைச்சுரம் குறைவாகத்தான் வந்து நிற்கும். அந்தச் சுரத்தைக் கைபேசியில் ஒரு சுருதிப்பெட்டிச் செயலியில் குறித்துக்கொண்டால் கூட்டத்தில் தடுமாற்றம் இருக்காது.

பதிவை ஓடவிட்டுக் கூடவே பாடுவது கடைசி வழி. பதிவு யாருக்காகவும் நிற்காது. வயதானவர்கள் அரை வரி பின்தங்குவார்கள், பிறகு பாடாமல் கேட்பார்கள்.

இன்னொரு வழி, ஒரே ஒரு குறுகிய வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவது. பிரான்சில் 1940இல் சகோதரர் ரோஜர் தொடங்கிய தெய்சே என்ற துறவியர் சமூகத்தின் ஜெபங்கள் இப்படிப்பட்டவை. உங்களுக்குத் தெரிந்த பாட்டின் பல்லவி மட்டும் போதும். இரண்டு முறை சத்தமாக, மூன்று முறை மெல்ல, ஒருமுறை வாயை மூடி ராகம் மட்டும், பிறகு மௌனம். புத்தகமோ திரையோ தேவையில்லாததால் கண்ணை மூடிப் பாடலாம். எட்டுத் தடவைக்கு மேல் போனால் மனம் பாட்டை விட்டு எங்கோ போய்விடும்.

மௌனம் என்றால் எல்லாரும் நெளிகிறார்களே?

எவ்வளவு நேரம் என்று தெரியாத மௌனத்தில்தான் நெளிவார்கள். ‘இரண்டு நிமிடம் அமைதி, முடிந்ததும் நான் ஆமென் சொல்வேன்’ என்று சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். முதல் மாதம் இரண்டு நிமிடம், பழகியபின் ஐந்து. பின்னணி இசை வேண்டாம், அது மௌனத்தையும் ஒரு நிகழ்ச்சியாக்கிவிடும். நடத்துபவர் மனதுக்குள் எண்ணக்கூடாது, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்; பொறுப்பில் இருப்பவருக்கு நாற்பது நொடியே இரண்டு நிமிடம் போலத் தெரியும்.

‘லெக்சியோ திவினா’ என்கிறார்களே, அதைக் குழுவாக எப்படிச் செய்வது?

ஒரே வேதப்பகுதியைப் பலமுறை மெதுவாக வாசித்து ஜெபிக்கும் பழைய துறவற முறை அது. வாசித்தல், தியானித்தல், ஜெபித்தல், தேவனுக்குமுன் அமர்ந்திருத்தல் என்று நான்கு படிகளாக அதை எழுதிவைத்தவர் 12ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் கிகோ. பெயர் உங்கள் சபைக்குப் பழக்கமில்லை என்றால் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. ‘நான்குமுறை வாசிப்பு’ என்றால் யாருக்கும் புரியும்.

பகுதி ஆறு முதல் பத்து வசனத்துக்குள் இருக்க வேண்டும். மாற்கு 10:46–52, பர்திமேயு பார்வையடைந்த பகுதி, தொடக்கத்துக்கு மிகவும் ஏற்றது. ஏழே வசனம், ஆனால் சத்தம், அதட்டல், எறியப்பட்ட மேல்வஸ்திரம், ஒரு கேள்வி என்று எல்லாம் இருக்கிறது.

முதல் வாசிப்பு, சும்மா கேட்க. ஒரு நிமிடம் மௌனம். இரண்டாம் வாசிப்பில் மனதைப் பிடித்த ஒரு வார்த்தையையோ சொற்றொடரையோ கவனிக்க வேண்டும். இரண்டு நிமிடம் கழித்து ஒவ்வொருவரும் அந்த வார்த்தையை மட்டும் சொல்கிறார்கள், விளக்கம் கிடையாது. மூன்றாம் வாசிப்புக்குப் பிறகு அந்த வார்த்தையைக் கொண்டே ஆளுக்கு ஒரு வாக்கிய ஜெபம். நான்காம் வாசிப்புக்குப் பிறகு மூன்று நிமிடம் ஒன்றும் செய்யாமல் இருத்தல். எல்லாம் சேர்ந்து இருபத்தைந்து நிமிடம். வெவ்வேறு குரல்கள் வாசித்தால் நல்லது, ஆனால் மொழிபெயர்ப்பு ஒன்றாகவே இருக்கட்டும். இரண்டாம் வாசிப்பில் ஒருவர் பிடித்துக்கொண்ட வார்த்தை மூன்றாம் வாசிப்பில் காணாமல்போனால் குழம்பிவிடுவார்.

இதைக் கெடுப்பது பெரும்பாலும் வேதம் நன்றாகத் தெரிந்தவர்கள்தான். ‘மேல்வஸ்திரம்’ என்று ஒருவர் சொன்னதும், அது எதைக் குறிக்கிறது என்று பத்து நிமிடம் போதிக்கத் தொடங்குவார்கள். அப்படிப்பட்டவரையே வாசிப்பவராக நியமித்துவிடுங்கள். வாசிப்பவருக்குப் பேச வாய்ப்பில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. ‘இந்த வார்த்தை என்னைத் தொட்டது’ என்பது அந்த வேதப்பகுதியின் பொருளாகிவிடாது. வேதபாடத்துக்குப் பதிலாக இதை வைக்காதீர்கள், அதன் பக்கத்தில் வையுங்கள்.

துக்கத்தில் இருப்பவர்கள் குழுவில் உண்டு. துதிச் செயல்பாடுகள் அவர்களுக்குப் பாரமாகத் தெரிகின்றன.

தெரியத்தான் செய்யும். சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முறையீடுதான். நம் கூட்டங்களில்தான் அந்தப் பக்கம் காலியாக இருக்கிறது. 13ஆம் சங்கீதத்தை மாதிரியாக வைத்து அவரவர் முறையீட்டை எழுதலாம். ஆறு வசனம். 1, 2இல் ‘எதுவரைக்கும்’ என்று சங்கீதக்காரன் நான்கு தடவை கேட்கிறான். 3, 4இல் ‘நோக்கிப்பார்த்து எனக்குச் செவிகொடுத்தருளும்’ என்று கேட்கிறான். 5, 6இல் நம்பிக்கைக்குத் திரும்புகிறான்.

தாளை மூன்றாக மடிக்கச் சொல்லுங்கள். முதல் பகுதியில் ‘எதுவரைக்கும்’ என்று தொடங்கும் வரிகள், எட்டு நிமிடம். இரண்டாவதில் தேவனிடம் நேரடியாகக் கேட்பது, ஐந்து நிமிடம். மூன்றாவதில் ‘ஆனாலும்’ அல்லது ‘நானோ’ என்று தொடங்கும் ஒரு வரி, மூன்று நிமிடம். மூன்றாவது பகுதியைக் காலியாக விடவும் இடம் கொடுங்கள். 88ஆம் சங்கீதம் ஆறுதல் வரி எதுவும் இல்லாமலேயே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. எழுதியதை வாசிக்கும்படி யாரையும் கேட்காதீர்கள். யாராவது தாமாக வாசித்தால், முடிந்ததும் எல்லாரும் ‘கர்த்தாவே, கேட்டருளும்’ என்று மட்டும் சொல்லுங்கள். ‘எல்லாம் நன்மைக்கே’ என்று பதில் சொல்லத் துடிக்கிற வாய் ஒன்று எல்லாக் குழுவிலும் இருக்கும். இந்தப் பொதுப் பதில் அந்த வாய்க்கு வேலை இல்லாமல் செய்துவிடும்.

நெருங்கியவரை இழந்து சில வாரமே ஆனவருக்கு இந்தச் செயல்பாடு இருக்கிறது என்று முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிடுங்கள். வருவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்யட்டும்.

பாவ அறிக்கையைத் தாளில் எழுதி அழிக்கும் முறை பற்றி?

நல்ல முறை, ஆனால் தண்ணீரில் கரைப்பதா, எரிப்பதா என்பதில் எங்கள் கட்சி தண்ணீர்தான். வீட்டுக்குள் தாளை எரித்தால் புகை, பறக்கும் கருந்துகள், இருமல். அறிக்கை செய்த மனநிலை ஒரு நிமிடத்தில் கலைந்துவிடும். எரித்துத்தான் ஆக வேண்டும் என்றால் வெளியில், மணல் போட்ட இரும்புச் சட்டியில், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரோடு.

தண்ணீர் முறையில் எல்லாம் பேனாவைப் பொறுத்தது. பந்துமுனைப் பேனாவின் மை எண்ணெய் கலந்தது. தண்ணீரில் போட்டால் எழுத்து அப்படியே நிற்கும், ‘மன்னிக்கப்பட்டது’ என்று சொல்லும்போது பாவம் பளிச்சென்று தெரியும்! அழியாத மார்க்கரும் அப்படித்தான். குழந்தைகள் பயன்படுத்தும், துணியில் பட்டால் துவைத்துப் போகும் ஸ்கெட்ச் பேனாவே சரி. தாள் வழவழப்பில்லாத சாதாரண வெள்ளைத் தாள், உள்ளங்கை அளவு. அகலமான பாத்திரத்தில் பாதி தண்ணீர். முந்தின நாளே ஒரு தாளை எழுதிப் போட்டுப் பாருங்கள். மை முழுவதும் மறையாமல் பரவி, எழுத்து படிக்க முடியாமல் போனாலே போதும். கூட்டம் முடிந்ததும் தாள்களை யாரும் விரித்துப் பார்க்காதபடி நடத்துபவரே பிசைந்து அப்புறப்படுத்த வேண்டும். அழித்த கையோடு 1 யோவான் 1:9ஐச் சத்தமாக வாசியுங்கள். மன்னிப்பின் வார்த்தை இல்லாமல் இந்தச் செயல்பாட்டை முடிக்கக்கூடாது.

அறையின் மூலைகளில் ‘ஜெப நிலையங்கள்’ வைக்கலாமா?

வைக்கலாம், பன்னிரண்டு பேருக்கு நான்கு. மூன்று மூன்று பேராக, நிலையத்துக்கு ஆறு நிமிடம், இடம் மாற ஒரு நிமிடம் என்றால் மொத்தம் 27 நிமிடம். நன்றி, பாவ அறிக்கை, பிறருக்காக மன்றாட்டு, அமைதி என்று நான்கையும் பிரித்துக்கொண்டால், பாவ அறிக்கைக்கு மேலே சொன்ன தண்ணீர்ப் பாத்திரம், மன்றாட்டுக்கு ஒரு வரைபடமும் பெயர் எழுதும் சீட்டுகளும், அமைதிக்கு ஒரு நாற்காலியும் ஒரு வசனமும் போதும்.

குறிப்பு அட்டையில் நாற்பது வார்த்தைக்கு மேல் வேண்டாம். எழுத்து பெரிதாக, நின்றபடி படிக்கும் அளவுக்கு இருக்கட்டும். சூழலுக்காக விளக்கைக் குறைத்துவிட்டு அட்டையைப் பொடி எழுத்தில் அடிப்பதுதான் வழக்கமான தப்பு. இடம் மாறச் சொல்ல மணி அடிக்காதீர்கள், ஒரு பல்லவியை மெல்லப் பாடத் தொடங்குங்கள். பாதி ஜெபத்தில் இருப்பவர் அதைக் கேட்டு முடித்துக்கொள்வார்.

மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக அணைக்கும் ஆராதனை?

சிலுவை தியான நாட்களுக்குரியது. மேற்கத்திய சபைகளில் ‘டெனிப்ரே’ என்று ஒரு பழைய வழிபாடு உண்டு, ‘இருள்’ என்று பொருள். அதில் வழக்கமாகப் பதினைந்து விளக்குகள்; சிறு குழுவுக்கு ஏழு போதும், சிலுவையில் இயேசு பேசிய ஏழு வார்த்தைகளுக்கு ஏற்றபடி. லூக்கா 23:34, 23:43, யோவான் 19:26–27, மத்தேயு 27:46, யோவான் 19:28, 19:30, லூக்கா 23:46. ஒரு வார்த்தை, ஒரு நிமிட மௌனம், ஒரு விளக்கு அணைப்பு.

ஐந்தாவது விளக்கு அணையும்போது அறையில் வாசிக்க வெளிச்சம் இருக்காது. யாரோ ஒருவர் கைபேசி விளக்கைப் போடுவார், அத்தோடு எல்லாம் போயிற்று. எனவே கடைசி மூன்றையும் மனப்பாடமாகச் சொல்பவர்களிடம் கொடுங்கள். அதிர்ஷ்டவசமாக அவை குறுகியவை: ‘தாகமாயிருக்கிறேன்’, ‘முடிந்தது’, ‘பிதாவே, உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்.’ ஏழாவது விளக்கை அணைக்காமல் பக்கத்து அறைக்குக் கொண்டுபோய்விடுவது நல்லது. பழைய வழிபாட்டிலும் கடைசி விளக்கை மறைத்துவைத்துத் திரும்பக் கொண்டுவருவார்கள். கதவிடுக்கு வழியாகத் தெரியும் அந்தக் கொஞ்ச வெளிச்சத்தில் எழுந்து போகவும் வழி தெரியும்.

ஊதி அணைத்தால் உருகிய மெழுகு தெறிக்கும், புகையும் அதிகம். நீளக் கைப்பிடியுள்ள சிறு கரண்டியைத் திரிமேல் கவிழ்த்து மூடினால் சத்தமின்றி அணையும். உலோகக் கிண்ணத்தில் வரும் சிறு மெழுகுகளை ஒரு தட்டில் மணல் பரப்பி, ஒன்றுக்கொன்று ஒரு சாண் தள்ளி வையுங்கள். திரைச்சீலைக்குப் பக்கத்தில் வேண்டாம். சிறு பிள்ளைகள் இருந்தால், ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் பேட்டரி விளக்கே போதும்.

‘எனக்கு வரைய வராது’ என்று ஒதுங்குகிறவர்களை என்ன செய்ய?

தாளைச் சிறிதாக்குங்கள், வண்ணத்தைக் குறையுங்கள். முழுத் தாளும் இருபத்து நான்கு வண்ணமும் பயமுறுத்தும். பாதித் தாளும் மூன்று வண்ணமும் பயமுறுத்தாது. வசனம் வாசிக்கப்படும்போது உருவம் எதுவும் வரையாமல், கோடும் வண்ணமும் மட்டும் என்று நிபந்தனை போட்டால், நன்றாக வரைகிறவருக்கும் மற்றவருக்கும் வித்தியாசம் போய்விடும். பன்னிரண்டு நிமிடம். முடிந்ததும் ‘இது என்ன?’ என்று கேட்காதீர்கள். ‘எந்த வரி கேட்டபோது கை நின்றது?’ என்று கேளுங்கள். கைவேலை ஆராதனையாகுமா என்று கேட்பவருக்கு யாத்திராகமம் 31ஐக் காட்டலாம்: பெசலெயேல் தேவ ஆவியினால் நிரப்பப்பட்டது பொன், வெள்ளி, கல், மரம் இவற்றில் வேலை செய்யத்தான்.

கல், சிலுவைத் துண்டு போன்ற பொருட்களை வைப்பது விக்கிரகம் ஆகாதா?

நியாயமான கேள்வி. யோசுவா 4இல் யோர்தானிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்கள், பிள்ளைகள் ‘இது என்ன’ என்று கேட்கும்போது பதில் சொல்வதற்காக நிறுத்தப்பட்டன. அதுவரை சரி. கர்த்தர் சொல்லி மோசே செய்த வெண்கல சர்ப்பத்துக்கே பிற்காலத்தில் ஜனங்கள் தூபங்காட்டினார்கள். எசேக்கியா அதை உடைத்துப்போட்டான் (2 இராஜாக்கள் 18:4). பொருள் கதையைச் சொல்ல உதவுகிறதா, தன்னைப் பார்க்க வைக்கிறதா என்பதுதான் அளவுகோல். ‘இதை வைத்தால் வீட்டுக்கு ஆசீர்வாதம்’ என்று ஒருவர் சொல்லத் தொடங்கிய அன்றே அதை நிறுத்துங்கள்.

செய்முறை எளிது. உள்ளங்கையில் அடங்கும், வழவழப்பான, வெளிர்நிறக் கற்கள். ஆளுக்கு ஒன்று, கூட நான்கைந்து. முந்தின நாளே கழுவி நன்றாகக் காயவைக்க வேண்டும், ஈரக் கல்லில் மார்க்கர் எழுதாது. கர்த்தர் உதவிய ஒரு காரியத்தைக் குறிக்கும் ஓரிரு வார்த்தையும் வருடமும் மட்டும். மணல் பரப்பிய தட்டில் அடுக்கினால் உருளாது. கற்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்பாமல் குழுவிலேயே ஒரு கூடையில் வைத்திருந்து, அடுத்த வருடம் அதே நாளில் எடுத்து வாசித்தால்தான் இந்தச் செயல்பாட்டின் பலன் தெரியும்.

கால் கழுவும் ஆராதனை?

திடீரென்று செய்யவே கூடாது; ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள். யோவான் 13ஐ வாசித்துவிட்டு அப்போதே தொட்டியைக் கொண்டுவந்து வைத்தால், காலில் புண் உள்ளவர், வெடிப்புள்ளவர், கூச்சமுள்ளவர் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள். பத்துப் பேருக்கு இரண்டு தொட்டி, இரண்டு குவளை, ஆளுக்கு ஒரு துண்டு, ஏழெட்டு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், பயன்படுத்திய தண்ணீரை ஊற்ற ஒரு வாளி. காலைத் தொட்டித் தண்ணீருக்குள் விடாமல், மேலே பிடித்துக் குவளையால் ஊற்றினால் ஒருவர் தண்ணீர் இன்னொருவருக்குப் போகாது. ஆண்கள் ஆண்களுக்கும் பெண்கள் பெண்களுக்கும் கழுவட்டும். குனிய முடியாதவருக்கும் விரும்பாதவருக்கும் கை கழுவுதலை அதே மரியாதையோடு வையுங்கள்.

கழுவுவதைவிடக் கழுவக் கொடுப்பது கடினம் என்பதை நடத்துபவர் நினைவில் வைக்க வேண்டும். தலைவர் முதலில் கழுவிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அவர் காலையும் யாராவது கழுவ வேண்டும்.

வீட்டுக் குழுவில் திருவிருந்து நடத்தலாமா?

உங்கள் சபைப் போதகரைக் கேளுங்கள். பல சபைகளில் குருப்பட்டம் பெற்றவர் மட்டுமே நடத்தலாம், சிலவற்றில் மூப்பர்கள் நடத்தலாம். அனுமதி இல்லாத இடத்தில் அன்பின் விருந்து உண்டு. யூதா நிருபத்தின் 12ஆம் வசனத்தில் அந்தப் பெயர் வருகிறது. ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொரேவியர்கள் என்ற கிறிஸ்தவச் சபையார் 1727 முதல் அதை நடத்தினார்கள். எளிய உணவு, பாட்டு, சாட்சி, அவ்வளவுதான். இது திருவிருந்து இல்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் குழப்பம் வராது.

சிறுவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், பார்வையில்லாதவர்கள் இருந்தால்?

எழுத்தை வைத்த செயல்பாடு எதுவானாலும் அதற்கு வாய்மொழி வழி ஒன்றும் இருக்க வேண்டும், அதுவும் எல்லாருக்கும் பொதுவாக. ‘எழுதத் தெரியாதவர்கள் மட்டும் சொல்லுங்கள்’ என்றால் அவமானம். ‘எழுதலாம், இல்லையென்றால் மனதில் வைத்துச் சொல்லலாம்’ என்றால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. சிறுவர்களுக்கு வேலை கொடுங்கள்: கல் விநியோகிப்பது, பதில் வரியைத் தொடங்கிவைப்பது. நீண்ட மௌனம் அவர்களிடம் எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு நிமிடமே பெரிது.

இணையவழிக் கூட்டத்தில் எது ஒத்துவரும்?

சேர்ந்து பாடுவது ஒத்துவராது. ஒலி போய்வரும் தாமதத்தால் ஒருவர் வரியும் மற்றவர் வரியும் மோதும். ஒருவர் ஒலிவாங்கியைத் திறந்துவைக்க, மற்றவர்கள் அணைத்துவிட்டுத் தம் வீட்டில் பாட வேண்டும். 136ஆம் சங்கீதத்தின் பதிலையும் ஒருவரே சொல்லட்டும். நான்குமுறை வாசிப்பும் முறையீடு எழுதுவதும் நேரில் போலவே நன்றாக வரும். பேசும் வரிசையை அரட்டைப் பெட்டியில் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் ‘நீங்க சொல்லுங்க, இல்ல நீங்க சொல்லுங்க’ என்பதிலேயே நேரம் போகும். மௌனத்தை அறிவித்துவிட்டுத் தொடங்குங்கள், தொடர்பு அறுந்துவிட்டதோ என்று யாரும் பதறாமலிருக்க.

யாராவது அழுதுவிட்டால், சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டால்?

அழுகையை நிறுத்த ஓடாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் அமைதியாக உட்கார்ந்திருந்தால் போதும், தொடுவதற்குமுன் கேளுங்கள். பிறர் பெயரை இழுத்து ஒருவர் பேசத் தொடங்கினால், ‘இதை நாம் தனியாகப் பேசலாம், இப்போது உங்களுக்காக ஜெபிக்கிறோம்’ என்று மென்மையாக இடைமறிக்க வேண்டும். குழுவில் பேசியது வாட்ஸ்அப்பில் ‘ஜெபக்குறிப்பு’ என்ற பெயரில் வெளியே போகக்கூடாது. யாருக்காவது ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் விதிவிலக்கு. அப்போது போதகருக்கும் உரிய உதவி செய்யக்கூடியவர்களுக்கும் சொல்லியாக வேண்டும், அதையும் முன்கூட்டியே குழுவுக்குத் தெரிவித்திருக்க வேண்டும்.

மூத்தவர் ஒருவர், இதெல்லாம் வேதத்தில் இல்லை என்கிறார்.

வாதிடாதீர்கள், கேளுங்கள். ஆராதனையில் வேதம் கட்டளையிட்டதை மட்டுமே செய்ய வேண்டும் என்பது சீர்திருத்த சபைகளில் ஆழமான ஒரு கொள்கை. வெறும் பிடிவாதம் இல்லை. ஜெனீவாவில் 1562இல் 150 சங்கீதங்களும் பாட்டாக வந்து முடிந்ததற்குப் பின்னாலும் அந்தச் சிந்தனை உண்டு. அப்படிப்பட்டவர் இருக்கும் குழுவில் சங்கீதம் சார்ந்தவற்றை மட்டும் எடுங்கள், 136க்கும் 13க்கும் அவரே வாசிக்கட்டும். மெழுகும் கல்லும் இல்லாமலே ஒரு வருடத்துக்கு வேலை இருக்கிறது.

எவ்வளவு அடிக்கடி?

நான்கு கூட்டத்துக்கு ஒன்று. ஒருமுறை செய்ததையே மூன்று மாதம் கழித்துத் திரும்பச் செய்யுங்கள். இரண்டாம் முறை விளக்கம் தேவைப்படாததால் ஜெபத்துக்கு நேரம் கூடும். ஒரே மாலையில் இரண்டு புதுக் காரியம் வேண்டவே வேண்டாம். எழுபத்தைந்து நிமிடக் கூட்டத்தில் செயல்பாட்டுக்கு முப்பதுக்கு மேல் போகாமல், அதன்பின் சும்மா ஜெபிக்கப் பதினைந்து நிமிடமாவது மிச்சம் வையுங்கள்.

நடுவில் கவிழ்ந்துவிட்டால்?

கவிழும். மார்க்கர் எழுதாது, யாருக்கோ சிரிப்பு வந்துவிடும், மின்சாரம் போகும். ‘சரி, இது இன்று வரவில்லை, விட்டுவிடுவோம்’ என்று சொல்லி, எல்லாருக்கும் மனப்பாடமான ஒரு பாட்டைத் தொடங்குங்கள். அந்தப் பாட்டு எதுவென்று கூட்டத்துக்கு வருமுன்பே முடிவு செய்து, சுருதியையும் குறித்துவைத்திருங்கள்.